தலைக்கு மேல் இடைவெளி

எண்ணூர்க் கழிமுகம். ஞாயிறு, காலை ஆறே கால்.
ஆளுக்கு முந்நூறு ரூபாய். டீ தனி.
ஆரஞ்சு மிதவைச் சட்டைகளின் முதுகில்
ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் பாதி உரிந்திருக்கிறது.
பைபர் படகில் பதினோரு பேர்.
பத்துப் பேர் கட்டடக்கலை படிக்கிறவர்கள்.
என்ன பண்றீங்க சார் என்றான் பக்கத்துப் பையன்.
சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

அணியத்தில் நின்று ஆரம்பிக்கிறாள் தேசராணி:
"இடது கைப் பக்கம் பாருங்க, பழைய கரண்டு ஸ்டேஷன்."
இடது பக்கம் வானம்.
"இடிச்சிட்டாங்க.
இல்லாததும் டிக்கெட்டுல அடக்கம்."

ஒரு பெண் நோட்டைத் திறந்து
குளிர்விப்புக் கோபுரத்தை வரைகிறாள்,
அந்த வளைவுக்கு ஆங்கிலத்தில் பெயர் சொல்கிறாள்.
"எங்களுக்கு அது இடுப்பழகி.
கடல்ல பத்து பாகம் ஆழத்துல நின்னு பாத்தா
சிமினி இடுப்பழகிக்குப் பின்னால ஒளியும்.
அங்க வலை உட்டா வவ்வா உண்டு.
கட்டுனவங்களுக்கு இது தெரியாது.
இப்ப தண்ணில கைய வைங்க."
குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு.
எல்லோரும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டோம்.

அலையாத்திப் புதரைத் தாண்டியதும்
கழுத்தளவு நீரில் ஒருத்தி,
பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி
இறால் தேடிப் போகிறாள்.
ஐந்தாறு செல்போன்கள் உயர்ந்தன.
"அவங்க வேலைல இருக்காங்க,
கட்டடம் இல்ல. இறக்குங்க."

பிறகு,
"குனிங்க. எல்லாரும். நெத்தி பத்திரம்."

மூன்று சாம்பல் குழாய்கள்
தூண்கள் மேல் படுத்துக் கழியைக் கடக்கின்றன.
எத்திராஜ் எஞ்சினை நிறுத்திக் கோல் ஊன்றுகிறான்.
பதினோரு முதுகும் வளைகின்றன.
மேலே துரு, கீழே எங்கள் முழங்கால்.
"ஓதம் ஏறிச்சின்னா படுத்துக்கினுதான் போவணும்.
இதக் கட்டுன ஆளு
தண்ணின்னா வெறும் தண்ணின்னு நெனச்சிகிறான்."

கட்டிய ஆள் இல்லை. வரைந்த ஆள்.
இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், கிண்டியில்,
ஸ்வெட்டர் கேட்கும் ஏசி அறையில்,
தாள் எண் நாற்பத்தேழு.
உயர் ஓதத்துக்கு மேல் ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்.
ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
படகுப் போக்குவரத்து இல்லை.
அந்த வரியை யாரைக் கேட்டும் எழுதவில்லை.
தாளில் கழிமுகம் நீலமாக இருந்தது,
நீலத்தில் யாரும் இல்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
குழாயின் அடிவயிற்றிலிருந்து ஒரு சொட்டு
பிடரியில் விழுந்தது.
மூடிக்கொண்டேன்.

பழக்கதோஷம், தூண்களை எண்ணினேன்.
வரைந்தது பதினாறு.
பதினேழு இருக்கிறது.
குனிந்த தலையோடு கழுத்து வலிக்க மறுபடியும் எண்ணினேன்.
பதினேழாவது சவுக்குக் கழி.
வரிசை பிசகாமல், ஒரு விரல்கடைகூட விலகாமல் அடித்து,
நைலான் கயிற்றில் வலையின் ஒரு முனையைக் கட்டியிருக்கிறார்கள்.
உச்சியில் ஒரு நீர்க்காகம்
இறக்கையை விரித்துக் காயவைக்கிறது.

"அது எங்களுது"
என்றாள் தேசராணி, யாரும் கேட்காமல்.

வெளிச்சம் வந்தது. முதுகுகள் நிமிர்ந்தன.
ஒருத்தன் தலையில் ஒட்டிய துருவை
இன்னொருத்தி தட்டிவிட்டுச் சிரித்தாள்.
பக்கத்துப் பையன் திரும்பி, குழாயைக் கண்ணால் அளந்தான்.
"எவ்ளோ இருக்கும்? ஒரு மீட்டர்?"

"ஒன்று புள்ளி இரண்டு,
உயர் ஓதத்தில்" என்றேன்.

படகு கொஞ்ச நேரம் தானாக நகர்ந்தது.
தேசராணி என்னைப் பார்த்தாள்,
என் செருப்பை, என் கையை,
மறுபடியும் என்னை.
பிறகு எத்திராஜிடம்
எஞ்சினை எடுக்கச் சொன்னாள்.