எண்பதாயிரம் செக்கன்

கொட்டியாரக் குடாவுக்கு வெளியே
எஞ்சின் நிறுத்திய கப்பல்
தன்பாட்டில் பக்கவாட்டாய் நகர்கிறது.
கோணமலையின் விளக்குகள்
இன்னும் எண்ணக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.
அதற்குள் கடல் ஆயிரம் மீற்றர் இறங்கிவிட்டது.

வின்ச்சில் நிற்பது கிண்ணியா அனீஸ்.
கம்பி இறங்க இறங்க ஆழம் சொல்லுவான்:
அறுநூறு, எழுநூறு,
ஒரு கொட்டாவி,
எண்ணூற்றைம்பது.

போத்தல்கள் வாய்மூடி மேலே வரும்.
ஆழத்துக் குளிர் அவற்றின் தோலில் வேர்த்திருக்கும்.
ஒவ்வொன்றிலும் எழுதுவேன்
நேரம், உப்பு, வெப்பம்,
கடைசியில் என் பெயரின் முதலெழுத்து மட்டும்.

முதல் நாள்
கைக்கருவி கதறியது கடலைக் கண்டல்ல,
அனீஸின் செருப்பைக் கண்டு.
புல்மோட்டையில் மச்சான் வீட்டுக்குப் போய்வந்தவன்
அடிப்பள்ளங்களில் கறுப்பு மணல் கொண்டுவந்திருந்தான்.
கடல் தாண்டி வரும் நஞ்சைத் தேடப் புறப்பட்டோம்;
ஊர் மண் முந்திக்கொண்டது.
செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டி
"இதையும் ஒரு மாதிரியா எழுதுங்கோ மிஸ்" என்றான்.
எழுதினேன்.

சீசியம் வெட்கக்காரன்.
ஆயிரம் லீற்றர் தண்ணீரில்
செக்கனுக்கு ஓர் அணு உடையும், அவ்வளவுதான்.
பொட்டாசியமோ காலை மீன்சந்தை,
உப்பு இருக்கும் இடமெல்லாம் கூவல்.
அந்தக் கூவலுக்குள்ளிருந்து
இந்த முனகலைப் பிரித்தெடுக்க
அமிலம் வேண்டும், மஞ்சள் பொடி வேண்டும்,
ஓர் இரவு முழுக்க அடையவிடும் பொறுமை,
ஈயச் சுவர்,
எண்பதாயிரம் செக்கன்.

இரவு பதினொன்றுக்கு வலை.
நுண்கண் துணி, அடியில் ஒரு குவளை.
ஏறி வரும்போது அது பச்சையாய் மினுங்க
சமையலறை இந்திக்க இரண்டடி பின்வாங்கினான்:
"கதிர்தானே இது?"
இல்லை தம்பி.
இது உயிர், தொட்டால் கோபிக்கிற வெளிச்சம்.
நாங்கள் தேடுவது மினுங்காது, மணக்காது,
கையைச் சுடாது.

குவளையில் சவ்வரிசிக் கஞ்சி,
ஆனால் கண்களோடு.
உருப்பெருக்கியின் கீழே ஒன்று
முட்டைப் பைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு
நீந்தப் பார்க்கிறது.
ஈர நிறை பதினேழு கிராம்.
நாளை அடுப்பில் காயும், பிறகு சாம்பல்,
பிறகு ஓர் எண்.
மன்னிப்புக் கேட்க ஒரு நிரல்
படிவத்தில் இல்லை.

பெட்டியை மூடிவிட்டால் காவல் மட்டும்தான் வேலை.
திரையில் புள்ளிகள்,
வரவா விடவா என்று மழை யோசிக்கையில்
சிமெந்துத் தரையில் விழும் துளிகள்போல.
நான் பிறக்க முப்பது வருடம் முன்
எங்கோ ஒரு தீவில் வெடித்துப் பார்த்ததன் மிச்சம்
பாதியாகி, பாதியின் பாதியாகி
இந்த அறையில் ஒரு தரம் தட்டுகிறது,
வீடு மாறி வந்தவரைப்போல.
கணக்குப்படி அது
ஒருநாளும் முழுதாய்த் தீராது.

நாலாம் நாள் வானொலிப் பெட்டியில் ஒரு குரல்.
"அக்கா, சாம்பல்தீவு வள்ளம். மீன் தின்னலாமோ?
போன மாசம் கதை கிளம்பினதில இருந்து
சூரையை ஒருத்தரும் வாங்குறாங்கள் இல்லை."

என்னிடம் இருந்தது ஒரே ஒரு வரி:
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
அப்படியே வாசித்தேன்.
"அப்ப, இல்லையெண்டு சொல்றீங்களோ?"

இல்லை வேறு, கண்டறியவில்லை வேறு.
கச்சேரி வாசலில் படிவம் நிரப்பிய வீட்டிலிருந்து
வந்தவள் நான்.
அண்ணனின் பெயருக்கு நேரே
இரண்டாவதை எழுதிய அதிகாரி
முதலாவதற்குக் கையெழுத்துக் கேட்டார்.
அம்மா பேனாவைத் தொடவில்லை.

கப்பல் ஆடியது.
"தின்னலாம் அண்ணை" என்றேன்.
"ராத்திரி நானும் சூரைதான் திண்டனான்.
ஆனா அளக்கிறதை நிப்பாட்டமாட்டம்."
மறுமுனையில் சிரிப்போ காற்றோ,
பிறகு அவனுடைய எஞ்சின்.

இன்னும் முப்பத்தோராயிரம் செக்கன்.
அனீஸ் பிளேன்ரீ கொண்டுவருகிறான்,
வெறுங்காலோடு.