அக்கரைக்கு ஒரு மணி மூப்பு

நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
பெயர் தீரா. காலணியில் பனி.
உலகம் முழுவதற்கும் ஒரே கடிகாரம் போதுமா,
இப்போது இருக்கிறபடியே இருக்கட்டுமா?
இரண்டு கட்டம், ஒன்றில் குறி போட வேண்டும்.
"யோசித்து எழுதுங்கள், வியாழக்கிழமை வருகிறேன்."
எந்தக் கரை வியாழன் என்று கேட்க வாய் வந்தது.
காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இருபத்திரண்டு வருடம் நான் ஓட்டிய பேருந்து
ஹாபரந்தாவில் ஏழு ஐம்பதுக்குக் கிளம்பி
ஆற்றைத் தாண்டித் தோர்னியோவில்
எட்டு ஐம்பத்தெட்டுக்கு நிற்கும்.
எட்டு நிமிடப் பயணம்.
திரும்பும்போது
கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவேன்.
ஊருக்குப் புதியவர்கள் சிரிப்பார்கள்.
பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கோல்ஃப் மைதானம் எல்லைமேல் கால்நீட்டிப் படுத்திருக்கிறது.
நள்ளிரவு தாண்டி இருபது நிமிடத்தில் அங்கே அடித்த பந்து
இங்கே நேற்றைய புல்லில் விழுகிறது.
தேடி வருகிறவன் கண்ணில் வெயில்.

ஜூனில் இரவு பன்னிரண்டுக்குப் படகுக்குத் தார் பூசுவோம்.
டிசம்பரில் மதியம் இரண்டரைக்கு
விளக்கைப் போட்டுக்கொண்டு சூப் குடிப்போம்.
பொழுது வேறு, மணி வேறு.
எங்களூரில் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல காலம்.
சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிடலாமென்றால்
பாதி வருடம் அது லீவு, பாதி வருடம் ஓவர்டைம்.

ஆகவே ஒரே கடிகாரம் வரட்டுமே, என்ன குறைந்துவிடும்?
பதினொன்று அடிக்கும்.
சிட்னியில் ஒருவன் பல் தேய்த்துவிட்டுப் படுப்பான்,
லிமாவில் ஒருத்தி எழுந்து முகம் கழுவுவாள்,
எனக்கு மதியத்துக்கு உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும்.
யாரும் விரல் மடக்கி எண்ண வேண்டாம்.
ஆனாலும் லிமாவைக் கூப்பிடுகிறவன்
"அங்கே விடிந்துவிட்டதா?" என்றுதானே ஆரம்பிப்பான்.

பேனா முதல் கட்டத்தின் மேல் நின்றது.

என் தம்பி தௌனோ,
ஹில்க்காவைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனவன்.
என்னைவிட நாலு வயது சின்னவன்.
"இனி நான் உனக்கு ஒரு மணி மூத்தவன்,
மரியாதையாகப் பேசு" என்பான்.
புத்தாண்டு முதலில் அவன் வீட்டில்.
வெடி, முத்தம்,
தகரத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றி
வரப்போவதைப் பார்ப்பது.
பிறகு பாலம் கடந்து என் வீட்டில்
மறுபடி பழைய வருடம், மறுபடி வெடி.
அம்மாவின் கண்ணாடிக் கோப்பை
எந்த வருடத்தில் உடைந்தது என்ற வழக்கு
தீர்ப்பாகாமலே நின்றுபோயிற்று.

போன பிப்ரவரியில் தொலைபேசி அடித்தபோது
இங்கே செவ்வாய், பதினொன்று இருபத்தைந்து.
"புதன், பன்னிரண்டு இருபதுக்கு" என்றாள் ஹில்க்கா.

என் தம்பி நாளைக்குச் செத்துப்போனான்.

முப்பத்தைந்து நிமிடம்.
சமையலறைச் சுவரில் அவன் சாகாத நாள்
இன்னும் கிழிக்கப்படாமல் தொங்கியது.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
கோட்டைப் போட்டேன், கழற்றினேன்.
அவன் பிடித்துக் கொடுத்த மீனை
உறைபெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன்,
எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.
மறுபடி கோட்டைப் போட்டுக்கொண்டு பாலத்துக்கு நடந்தேன்.
ஆறு உறைந்து ஒரே வெள்ளை.
நடுவில் கோடு எதுவும் இல்லை.
பைக்குள் செல்பேசி ஒருமுறை அதிர்ந்து
செவ்வாயைப் புதனாக்கிக்கொண்டது.

ஏமாற்று என்று தெரியும்.
உடல் ஒன்று, அது நின்ற கணமும் ஒன்று.
ஒரே கடிகாரக்காரர்கள் சொல்வது சரி.
அந்தச் சரியில்
அன்றிரவு எனக்கு உட்கார இடமில்லை.

அக்கரைப் பதிவேட்டில் புதன் என்று இருக்கிறது.
எங்கள் வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில்
செவ்வாய் என்று எழுதினேன்.
ஹில்க்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சொந்த ஊரில்
துக்கத்துக்கு வந்தவர்கள் மணி பார்ப்பதில்லையாம்.

வியாழக்கிழமை தீரா வந்து படிவத்தைப் புரட்டினாள்.
இரண்டு கட்டமும் காலி.
"வேறு கருத்து இருந்தால்" என்ற இடத்தில் மட்டும்
என் கோணல் கையெழுத்து:
பேருந்து அட்டவணையில்
எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.
இருட்டில் தெரிவதில்லை.