பழுதுக் கணக்கு

நிகழ்ச்சி அதிகாரி சிவகடாட்சம் காலமானார்.
பகாவ் மண்டபத்தில் ஞாயிறன்று இரங்கல் கூட்டம்.
என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள்,
முப்பத்தோரு வருஷம் இந்த ஊர் டிவிகளைத்
திறந்து பார்த்தவன் என்பதால்.

எனக்குப் பேச்சு வராது. பதிவேடு இருக்கிறது.

எண்பத்தாறு வரை
பெட்டிகள் வெள்ளிக்கிழமை வரும்.
ஆண்கள் தூக்கி வருவார்கள், சனிக்கிழமைப் படத்துக்கு.
எண்பத்தேழு மார்ச்சுக்குப் பிறகு கையெழுத்து மாறுகிறது.
கைநாட்டு. கைநாட்டு. ரத்தினமாலா என்று கோணலாக ஒன்று.
பால் நிறுத்துவிட்டு நேரே வருவார்கள்,
வாளி தொங்கும் சைக்கிளில் பெட்டியைக் கட்டி.
ஒட்டுப்பால் வாடை சாயங்காலம்வரை கடையில் நிற்கும்.
எத்தனை வெள்ளி என்று யாரும் கேட்டதில்லை.
"ரெண்டரைக்குள்ள முடியுமாண்ணே?"

அவர் கிராணி மகன்.
அப்பா விடியலில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டார்,
பிந்தி வந்தவளுக்கு அரைப்பேர் போட்டார்.
மகன் ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து காரில் வந்து
ஸ்டோர் வாசலில் நின்றவர்களிடம் கேட்டார்:
"உங்களுக்குக் கை எப்போது ஓயும்?"
நான் பக்கத்தில் ஒலிபெருக்கிக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன்.
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
அப்படி ஒரு கேள்வி தோட்டத்தில் வழக்கமில்லை.
அஞ்சம்மாதான், வாளியைக் கீழே வைக்காமலே,
"துணி அலசிப் போட்டா ரெண்டரை" என்றாள்.
எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்துக்கே தொடர் வந்தது.
அதற்கு முன்னால் பத்து நிமிஷம் கடிதங்கள்:
சிவப்பு அடையாள அட்டை, சேமநிதி, பிறப்புப் பத்திரம்.
ஒரு வக்கீலம்மா வாசித்துப் பதில் சொல்வார்.
பதினேழு பெட்டிகளுக்கு
அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே
'அவசரம்' என்று குறித்திருக்கிறேன்.

இதுவும் அதே பதிவேட்டில்தான்:
படக்குழாய் உடைவு. காரணம், கோடரி. சோறு ஆக்கவில்லையாம்.
படக்குழாய் உடைவு. காரணம் சொல்லவில்லை.
தோட்டம் கைமாறியபோது மூன்று மணிக்குச் சங்கக் கூட்டம்;
அன்றைக்குக் கதாநாயகிக்குக் கல்யாணம்.
வந்தது ஒன்பது பேர்.
அதற்கு முந்திய கூட்டத்துக்கும் ஒன்பது பேர்தான்,
நியாயமென்றால் அதையும் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்று நாலில் கடிதங்களை எடுத்துவிட்டுப்
பத்து நிமிஷத்தையும் சோப்புத்தூளுக்குக் கொடுத்தார்.
மேலிடத்து உத்தரவு என்றார்கள்.
கையெழுத்து அவருடையது.
அடுத்த செவ்வாய் அஞ்சம்மாவின் கடிதம்
வாசிப்பதாக இருந்தது.
எழுதிக் கொடுத்தவன் நான். இரண்டு பக்கம், நீல மை.

நேற்று அவள் இருக்கும் அடுக்குவீட்டுக்குப் போனேன்.
நாலு மாடி ஏறி எனக்கு மூச்சு வாங்கியது.
அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
அட்டை இன்னும் சிவப்புதான்.
"அந்தாளப் பத்தி என்ன சொல்லட்டும்?"
"மணி கேட்டாருன்னு சொல்லு."
நான் செருப்பு மாட்டும்போது,
"கடுதாசி என்னாச்சுன்னும் கேளு."

என் பதிவேட்டில் மூன்றே பத்தி:
பழுது, பாகம், கூலி.
இவள் சொன்ன இரண்டையும் எதில் எழுதுவதென்று
ராத்திரி வெகுநேரம் பேனாவை மூடவில்லை.

பிறகு அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன்.
கூட்டம் காலை எட்டரைக்கு.
யாரையும் கேட்காமல் வைத்திருக்கிறார்கள்.