மூன்று நிமிடம்

இர்யா தோல்வனென். ஏழாம் அறை.
திரைச்சீலைக் கயிறு, மேலங்கி நாடா,
ஒருமுறை பக்கத்துக் கட்டில்காரியின் சிறுநீர்க் குழாய்,
எது அகப்பட்டாலும் உருவிச்
சுவரில் செருகப் பார்ப்பார்.
குறிப்பேட்டில் எழுதினோம்:
அமைதியின்மை. மாலையில் அதிகம்.

வாழ்க்கைக் கதைப் படிவம் நான்கு பக்கம்.
அண்ணன் மகன் ஊலுவிலிருந்து நிரப்பி அனுப்பியிருந்தார்.
தொழில்: இல்லத்தரசி.
பிடித்தவை: அக்கார்டியன், பால் கலக்காத காப்பி.
அக்கார்டியன் ஒலிக்கவிட்டோம்,
காதைப் பொத்திக்கொண்டார்.
காப்பி மட்டும் சரியாக இருந்தது.

குளியல் என்றால் யுத்தம்.
என் முன்கையில் ஆதாரம் உண்டு.

பிப்ரவரியில், பூட்டுகூட உறைந்துபோன ஒரு நாள்
முடி திருத்த வந்த தெல்லெர்வோ
சீப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:
"இவரா? கயானி டெலிபோன் நிலையத்தில்
எங்கம்மாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தவர்.
கல்யாணத்துக்கு முன்னால், பதினோரு வருஷம்."

பதினோரு வருஷம்.
நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

பழுது பார்க்கும் யார்மோ
ஒரு பலகையில் இருபது துளை போட்டுத் தந்தான்.
என் மகன் கெடுத்துப் போட்ட இயர்போன் ஒயர்கள்
வீட்டில் ஒரு டப்பா நிறைய.

இர்யா நிமிர்ந்தார்.
அந்த முதுகு அவ்வளவு நேராகும் என்று
எனக்குத் தெரியாது.
"எண் சொல்லுங்கள்."
நான்கு, ஒன்று, ஏழு என்றேன், வாயில் வந்ததை.
செருகினார்.
"பேசுங்கள்."

யாரோடு பேச?
மடியில் படிவம், கையில் பேனா.
சும்மா இராமல் கேட்டேன்,
அந்த நாளில் யார் யார் என்ன பேசினார்கள் என்று.
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"நாங்கள் கேட்பதில்லை."
"ஒரு வார்த்தைகூடவா?"
"கேட்பதில்லை."
கொஞ்ச நேரம் ஜன்னலில் பனி.
பிறகு ஒயரில் கைவைத்து,
"மூன்று நிமிடம் முடிந்தது. தொடர்கிறீர்களா?"

இப்போதெல்லாம் வெந்நீர் திறக்கும் முன்
மூன்று நிமிடம் என்கிறேன்.
தொடையில் விரல் தட்டி எண்ணுகிறார்,
முடிந்ததை அவரே அறிவிக்கிறார்.
காதுக்குப் பின்னால் சோப்பு மிச்சமிருந்தால்
"தொடர்கிறேன்" என்கிறேன்,
அடுத்த மூன்று கணக்கில் ஏறுகிறது.
எல்லா நாளும் பலிக்காது.
நேற்றுக் கடித்துவிட்டார்.

இல்லத்தரசியை அடிக்கவில்லை,
அதற்கு மேலே, இடமில்லாத இடத்தில்
டெலிபோன் நிலையத்தை நெருக்கி எழுதினேன்.
"மறக்க முடியாத நினைவுகள்" என்ற கட்டத்தில்
கேட்பதில்லை என்று எழுதி
ரிட்வாவின் மேசையில் வைத்தேன்.
"இது ஒரு பதிலா?" என்றாள்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
பால் விடாமல் எடுத்துக்கொண்டு
ஏழாம் அறைக்குப் போனேன்.