சுவிஸ் கீரை

பேர்னிலிருந்து தம்பி அனுப்பிய பார்சலில்
சொக்கிலேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே
ஒரு விதைப் பைக்கற்.
படத்தில் சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் தண்டுகள்.
பெயர் ஜேர்மன் மொழியில்.
ஆரையம்பதி மணலில் ஐப்பசியில் ஊன்றினேன்,
பாத்திக்குப் பன்னிரண்டாய் நாலு பாத்தி.
எனக்கு யார் சொல்ல இருந்தார்கள்,
அது ஒரு விதையல்ல, விதைக்கட்டி,
ஒன்று ஊன்றினால் மூன்று முளைக்கும் என்று.

மார்கழி. மழை விடவில்லை.
இலையென்றால் சுளகு.

முதல் நாள் வறை.
வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ.
சட்டி நிறைய அமுக்கி மூடினேன்.
திறந்தால் ஒரு கைப்பிடி கிடந்தது.
"மண் மணக்குது" என்றார் தவேந்திரன்,
மறுகாலும் போட்டுத் தின்றார்.

அடுத்த நாள் சொதி.
சிவப்புத் தண்டு பாலைப் பிடித்துக்கொண்டது.
ரோசாச் சொதியைக் கிளாசில் ஊற்றி
"மில்க்சேக்" என்று தங்கச்சிக்கு நீட்டினாள் மூத்தவள்.
அவள் குடித்தும் விட்டாள்.
உப்பு, புளி, உள்ளி எல்லாவற்றோடும்.

மூன்றாம் நாள் ரொட்டி மாவுக்குள் அரிந்து போட்டேன்.
நாலாம் நாள் பருப்போடு.
ஐந்தாம் நாள் பிட்டுக்குள்.
நண்டுக்கறியில் முருங்கை இலைக்குப் பதிலாகப் போட்டது பற்றி
நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கற்றுக்கொண்டது இவ்வளவுதான்:
தண்டை முதலில் போட வேண்டும்.
அது எண்ணெயில் கொஞ்ச நேரம் தனியே கிடக்கட்டும்.
இலையை அடுப்பை அணைக்கப் போகிற நேரத்தில்.
கூனி வறுத்து இடித்துத் தூவினால்
மண்மணம் வாயை மூடிக்கொள்ளும்.

பிரதேச சபையில் வரி வாங்கும் கவுண்டர் எனக்கு.
திங்கட்கிழமை எல்லோருக்கும் ஒவ்வொரு கட்டு.
செவ்வாய் நன்றி சொன்னார்கள்.
வியாழன் என் பையைக் கண்டதும்
ஐந்து வருடமாய்த் திறக்காத கோவைகளைத்
திறந்து குனிந்துகொண்டார்கள்.

காத்தான்குடி நுஸ்ரத் ராத்தா மட்டும்
தண்டுகளை எடுத்து அச்சாறு போட்டா.
வினாகிரி, கடுகு, பேரீச்சம்பழம்.
போத்தலைத் தந்துகொண்டே சொன்னா,
"இனிக் கீரையோட வந்தா கேற் திறக்கமாட்டன் புள்ள."

மிச்சத்தைச் சந்தையில் கொடுத்தேன்.
"என்ன கீரைகா இது? பீற்றூட்டுக்குக் கிழங்கு எங்க?"
வாய்க்கு வந்தது, "சுவிஸ் கீரை" என்றேன்.
பின்னேரம் அந்த வழியால் வரும்போது
மட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தா:
சுவிஸ் கீறை. சீனி வருத்தத்துக்கு நல்லம்.
விலை நான் கொடுத்ததைப் போல் மூன்று மடங்கு.

ஞாயிறு தம்பி எடுத்தான்.
நான் ஏசுவதற்கு முன்னம் கேட்டேன்,
"நீ இதை எப்படியடா சமைக்கிற?"
அந்தப் பக்கம் தண்ணி ஓடும் சத்தம், தட்டு மோதும் சத்தம்.
"றெஸ்ரோறன்ட்டுக்குப் பெட்டி பெட்டியா வரும் அக்கா.
கழுவுறதும் நான், வெட்டுறதும் நான்.
தின்னல்ல."
பதினொரு வருடம்.
"பிறகேன் விதை அனுப்பின?"
"காசு கட்டுற இடத்தில தொங்கிச்சு.
கலரா இருந்திச்சு."

தண்டை முதலில் போடு என்றேன்.
இரண்டு தரம் சொன்னேன், எழுதச் சொன்னேன்.

இரவு பன்னிரண்டு தாண்டிப் படம் வந்தது.
தாச்சியில் வறை. பைக்கற் தேங்காய்ப்பூ,
வெங்காயம் ஒரு பக்கம் கருகியிருந்தது.
கீழே எழுதியிருந்தான்,
"மண் மணக்குதே. இது சரியா?"

சரி என்று எழுதினேன்.
கூனி போட்டால் போய்விடும் என்று எழுதி
அழித்தேன். பேர்னில் கூனிக்கு அவன் எங்கே போவான்.

நாலாம் பாத்தியில் இன்னும் கை வைக்கவில்லை.
மழை விட்டால் நாளைக்குச் சந்தைக்குப் போய்
கால் கிலோ கூனி வாங்க வேண்டும்.
மணம் வெளியே வராமல்
மூன்று பைக்குள் கட்டினால்
தபாற்கந்தோரில் எடுப்பார்களா,
விசாரிக்க வேண்டும்.