ஒடிந்த முகம்

மூத்திரம் பிடிக்கும் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்
பதினான்கு மாதம் என் முதுகில் இருந்ததை.
நானே கேட்டு வாங்கினேன்.
"வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் நர்ஸ்.
பார்ப்பேன் என்றேன்.

சத்துவாச்சாரி பைபாஸ் ஓரம்
இருபத்தாறு வருஷமாய் லாரிப் பட்டை மாற்றுகிறவன்.
ஒடிந்த பட்டையோடு வருகிற டிரைவர் யாரும்
ஒரே கதைதான் சொல்வார்:
"பள்ளிகொண்டா தாண்டி ஒரு பள்ளம்ணே, அதுல போச்சு."
துண்டை வாங்கி
ஒடிந்த முகத்தை வெயிலுக்குத் திருப்புவேன்.
பள்ளத்தில் போனது ஓரமாய் ஒரு விரல்கடை.
மிச்சமெல்லாம் முன்பே போனது.
யூ-போல்ட் தளர்ந்திருக்கும்.
பிடிக்க வேண்டியது பிடிக்காதபோது
பட்டை தனியாளாய்ச் சுமந்திருக்கும்
சித்தூர் வரைக்கும், திரும்பி வரும் வரைக்கும்.

டாக்டர் ஜெசிந்தா எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார்.
கம்பி, சுமப்பதற்கு இல்லையாம்.
எலும்போடு எலும்பு ஒட்டும்வரை காவலுக்கு.
ஒட்டவில்லை, காவல்காரன்
மூட்டையையும் தூக்கவேண்டியதாயிற்று.
"யூ-போல்ட் லூசு" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை.

உட்கார்ந்தால் ஒன்று, எழுந்தால் ஒன்று,
தும்மினால், செருப்பு மாட்டினால்.
கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து
ஒடிக்கிறோமே
அதையே கண்ணுக்குத் தெரியாத அளவில்
லட்சம் தடவை, அதற்கும் மேலே.

கெங்கா மட்டும் ஒரே ஒரு நாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள்,
வாசலில் வைத்துவிட்டுப் போன கேஸ் சிலிண்டர்,
"கொஞ்சம் உள்ள தள்ளிக் குடு" என்று அவள் சொன்னது.
முதுகுக்குள் டக்கென்றது.
அவளுக்கும் கேட்டதாம்.
அதற்கப்புறம் சிலிண்டர்க்காரரிடம்கூட
அவள் நிமிர்ந்து பேசியதில்லை.

வீடு வந்த மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தேன்.
செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினேன்:
"இதோ, திருகோட கழுத்தோரம். கீறல் பொறந்த எடம்.
கடுகுல பாதி.
இங்கேர்ந்து வரிவரியா போவுது பாரு,
பாலாத்துல தண்ணி வந்த வருஷம்
வடிய வடிய மணல்ல விட்டுட்டுப் போச்சே, அதுமாதிரி.
அந்தக் கோடியில கரடா இருக்குதே,
நகக்கண் அளவு,
அதான் உன் சிலிண்டர்."

வாங்கிப் பார்த்தாள்.
கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.
கொஞ்சம் அழுதாள் என்று நினைக்கிறேன்,
டார்ச் அவள் முகத்தில் இல்லை.
பிறகு வழவழப்பான பக்கத்தில் நகத்தை வைத்தாள்.
"இது, ஆறாம் வாரமே பட்டறைக்கு ஓடுனது.
இது?"
நான் பேசவில்லை.
"பீடி. எலும்பு ஒட்ட வுடாதுன்னு
டாக்டரம்மா என்கிட்ட தனியா சொன்னாங்க."

டப்பாவை மூடினேன்.
உள்ளே புதுக் கம்பி எண்ணத் தொடங்கிவிட்டது.
இடுப்பிலிருந்து சுரண்டி எடுத்து வைத்த எலும்பு
பிடிப்பதா வேண்டாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.
ஜன்னலோரம் இருந்த கட்டைக் காணோம்.
எங்கே என்று
கேட்கவில்லை.