நாற்பத்தோராவது அட்டை

கெலிமானேயில் என் மாலை வகுப்பு.
வாசலில் பதினாறு சைக்கிள்கள்,
உள்ளே பின்சீட்டில் ஆளேற்றிப் பிழைக்கும் பதினாறு பேர்,
அப்புறம் பஜ்ஜிக்கடை ஜெனோவேவா,
எண்ணெய் வாசனையோடு, எப்போதும் பத்து நிமிடம் தாமதமாக.
துறைமுகத்துக்கு வருகிற வெளியூர் இன்ஜினியரிடம்
பேரம் பேசுமளவு ஆங்கிலம் போதும் இவர்களுக்கு.

பட அட்டைகள் எங்கிருந்தோ நன்கொடையாக வந்தவை.
மொழிபெயர்க்கக் கூடாது, காட்டத்தான் வேண்டும்.
பயிற்சியில் சொன்ன ஒரே விதி.
பனிமனிதனைக் காட்டினேன்.
"கேரட்" என்றான் ஸெஃபெரினு.
தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.

நாற்பத்தோராவது அட்டை: வெயிட்.
பஸ் நிறுத்தத்தில் கோட்டுப் போட்ட ஒருவன்
மணிக்கட்டைப் பார்க்கிறான்.
"வாட்ச்."
"பஸ்."
"எங்கே பஸ்? நோ பஸ்."
"கடன்காரன்" என்றார் ஜெனோவேவா, தெரிந்தவனைப் பார்த்ததுபோல.
விரலை எங்கே வைப்பேன்?
வாட்சுக்கும் அவன் முகத்துக்கும் நடுவே
ஒன்றும் வரையாத இடத்தில் இருந்தது அந்தச் சொல்.

அபீலியு எழுந்து வெளியே போனான்.
சலித்துவிட்டது போலும் என்று விட்டுவிட்டேன்.
ஜன்னலில் தெரிந்தான்:
சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து
இரண்டு காலும் மண்ணில்,
கைப்பிடி மேல் முழங்கை,
எதையும் பார்க்காத கண்.
"வெயிட்!" என்று கத்தியது வகுப்பு.
தெருவில் போன யாரோ நின்றுவிட்டார்.

அன்றிரவே சோப்புப் பெட்டியைக் கிழித்து
உள்பக்கத்தில் அவனை வரைந்தேன்.
சக்கரம் கோணல்.
முகம் எனக்கு வராது, விட்டுவிட்டேன்.

அடுத்தது ஹோப்.
நன்கொடைப் பெட்டியில் அதற்கு ஒரு வானவில்.
"மழை" என்றார்கள், "மழை நின்றது" என்றார்கள்,
"ஏழு" என்றான் எண்ணிப் பார்த்த ஒருவன்.
போர்த்துகீசில் இரண்டுக்கும் ஒரே சொல், எஸ்பெரார்.
சொல்லிவிட்டால் முடிந்தது.
சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
படமில்லாமல் நின்றேன்.

அபீலியுதான் சொன்னான்,
ஏதோ பஞ்சர் ஒட்டச் சொல்வதுபோல:
"என்னையே இன்னொரு தரம் வரையுங்கள்.
ஒரு காலை மட்டும் பெடலில் தூக்கி வையுங்கள்."

வரைந்தேன். கால் கொஞ்சம் நீளம்.

இப்போதெல்லாம் கரண்ட் போன நேரத்தில்
இரண்டு அட்டைகளையும் கலைத்து நீட்டினால்
ஜெனோவேவா மெழுகுவர்த்தியைக் கிட்டே இழுத்து,
பதில் சொல்லும் முன்
காலைத் தேடுகிறார்.